608 பென்ஸ்: கோரஸ் மதிப்பீட்டில் கணக்கு எங்கே வழுக்குகிறது

உங்கள் கேள்வியை முதலில் என் சொற்களில் சொல்லிவிடுகிறேன். எம்.பி.ஏ. இறுதியாண்டு ஆய்வுக்காக, டாடா ஸ்டீல் 2007இல் பிரிட்டிஷ்-டச்சு எஃகு நிறுவனமான கோரஸை வாங்கியதை எடுத்திருக்கிறீர்கள். தள்ளுபடி செய்த ரொக்க வரத்து முறையில், அதாவது வருங்காலத்தில் வரும் ரொக்கத்தை ஒரு ‘தள்ளுபடி வீதத்தால்’ இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கூட்டும் முறையில், கணக்கிட்டால் ஒரு பங்குக்கு 450 பென்ஸ் (100 பென்ஸ் ஒரு பவுண்டு) வருகிறது. அனுமானங்களைக் கொஞ்சம் நகர்த்தினால் 700 பென்ஸ் வருகிறது. மொத்த மதிப்பில் 80 சதவீதம், ஐந்தாண்டு முன்கணிப்புக்குப் பிறகு வரும் ‘இறுதி மதிப்பு’ என்ற ஒரே கட்டத்திலிருந்து கிடைக்கிறது. இது சரியா? தள்ளுபடி வீதமாக டாடா ஸ்டீலின் வீதத்தை எடுப்பதா, கோரஸின் வீதத்தையா? கடைசியில் எந்த விலையைச் சரியான விலை என்று எழுதுவது?

உங்கள் எக்ஸெல் தாளில் பிழை இருக்க வாய்ப்பில்லை. இத்தனை ஆண்டுகளில் மாணவர்களின் மாதிரிகளில் கூட்டல் பிழையை அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். இந்தக் கணக்கில் வழுக்கும் இடம் வேறு: எந்த ஆண்டை ‘சாதாரண ஆண்டு’ என்று எடுத்துக்கொண்டீர்கள் என்பது. நீங்கள் கேட்ட மற்ற எல்லாவற்றையும் அதிலிருந்து தொடங்கித்தான் சொல்ல முடியும்.

முதலில் நடந்ததை வரிசையாகப் பார்ப்போம். 1999இல் பிரிட்டிஷ் ஸ்டீலும் நெதர்லாந்தின் ஹூகோவன்ஸும் இணைந்து உருவானது கோரஸ். 2003 வாக்கில் அந்த நிறுவனம் பிழைக்குமா என்றே சந்தை சந்தேகப்பட்டது. அந்த ஆண்டு பிலிப் வரான் தலைமைப் பொறுப்புக்கு வந்தார், செலவைக் குறைத்தார். அதே நேரத்தில் சீனாவின் பசியால் உலகெங்கும் எஃகு விலை ஏறியது. நிறுவனம் தலைநிமிர்ந்ததற்கு வரானின் திறமை எவ்வளவு காரணம், விலையேற்றம் எவ்வளவு காரணம் என்பதை அன்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மதிப்பீட்டாளருக்கு அதைப் பிரிப்பதுதான் வேலையே.

2006 அக்டோபரில் டாடா ஸ்டீல் பங்குக்கு 455 பென்ஸ் தருவதாக அறிவித்தது. நவம்பரில் பிரேசிலின் எஃகு நிறுவனமான சி.எஸ்.என். 475 என்றது. டிசம்பரில் டாடா 500க்கு ஏறியது. சில மணி நேரத்தில் சி.எஸ்.என். 515க்குப் போனது. இப்படியே இழுத்துக்கொண்டு போகக்கூடாது என்று நிறுவனக் கைமாற்றங்களை ஒழுங்குபடுத்தும் பிரிட்டனின் டேக்ஓவர் பேனல் ஏலத்துக்கு நாள் குறித்தது. 2007 ஜனவரி 30 மாலையில் தொடங்கிய ஏலம் 31ஆம் தேதி விடிவதற்குள் முடிந்தது. சி.எஸ்.என். 603 பென்ஸில் நின்றுவிட்டது. டாடா 608இல் வென்றது. பங்குகளுக்கான மொத்த விலை சுமார் 620 கோடி பவுண்டு. வாங்கிய நிறுவனத்தைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு எஃகு உற்பத்தி செய்துகொண்டிருந்தது வாங்கப்பட்ட நிறுவனம். அன்று மும்பையில் டாடா ஸ்டீல் பங்கு சுமார் 10 சதவீதம் விழுந்தது. பத்திரிகைகள் கொண்டாடிக்கொண்டிருந்தபோது முதலீட்டாளர்கள் விற்றுக்கொண்டிருந்தார்கள்.

இப்போது அந்தச் சாதாரண ஆண்டுக்கு வருகிறேன். மாந்தோப்பைக் குத்தகைக்குப் பேசுகிறவரைக் கவனித்திருக்கிறீர்களா? இந்த ஆண்டு கிளை முறியக் காய்த்திருக்கிறது என்பதற்காக அவர் ஐந்தாண்டுக் குத்தகைக்கு இந்த ஆண்டு விளைச்சலை ஐந்தால் பெருக்கிக் கொடுக்கமாட்டார். மரம் ஓராண்டு காய்த்தால் மறு ஆண்டு ஓயும் என்பது அவருக்குத் தெரியும். போன ஆண்டு எத்தனை கூடை, அதற்கு முந்திய ஆண்டு எத்தனை, பூ உதிர்ந்த ஆண்டு எது என்று கேட்பார். அவர் கேட்கும் அந்தக் கேள்வியை முதலீட்டு வங்கிகளின் பளபளப்பான அறிக்கைகளில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

எஃகும் ஓய்வு ஆண்டு உள்ள மரம்தான். ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாண்டுகளில் ஒரு டன்னுக்குக் கிடைத்த எபிட்டா, அதாவது வட்டி, வரி, தேய்மானம் ஆகியவற்றைக் கழிப்பதற்கு முந்தைய லாபம், முறையே 10, 30, 80, 100, 80 பவுண்டு. சராசரி 60. மதிப்பீடு செய்யும் நேரத்தில் கையில் இருக்கும் எண் 100 என்று வைத்துக்கொள்வோம். எபிட்டாவைப் போல ஆறு மடங்கு என்று விலை போட்டால் நிறுவனத்தின் மதிப்பு டன்னுக்கு 600. சராசரியை வைத்துப் போட்டால் 360. இதிலிருந்து கடன் 200ஐக் கழியுங்கள். பங்குதாரருக்கு மிஞ்சுவது ஒரு கணக்கில் 400, மற்றொன்றில் 160. எபிட்டாவில் 40 சதவீத வித்தியாசம், பங்கின் விலையில் 60 சதவீத வித்தியாசமாகிவிட்டது. கடன் நடுவில் நிற்பதால் வரும் பெருக்கம் இது. உங்கள் 450க்கும் 700க்கும் இடையிலான தூரம் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

ரொக்க வரத்து முறைக்குப் போனால் நிலைமை இன்னும் கூர்மையாகிறது. இரும்புத் தாதுவை உருக்கும் ஊது உலை என்பது வாங்கி வைத்துவிட்டு மறந்துவிடும் பொருளல்ல. அதன் உட்சுவரைச் சில பல ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், கோக் அடுப்புகளைப் பராமரிக்க வேண்டும். ஆலையை இருக்கிற நிலையில் வைத்திருக்கவே டன்னுக்கு 30 பவுண்டு கேபெக்ஸ் (மூலதனச் செலவு) தேவை என்று கொண்டால், உச்ச ஆண்டில் வரிக்கு முன் மிஞ்சும் ரொக்கம் 70, சாதாரண ஆண்டில் 30. வித்தியாசம் 57 சதவீதம். எஃகு நிறுவனத்தை எபிட்டா மடங்கை மட்டும் வைத்து விலை பேசுவது, வீட்டு வாடகையை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டு ஆண்டுதோறும் ஒழுகும் கூரையை மறப்பது மாதிரி. தேய்மானம் ‘ரொக்கச் செலவு இல்லை’ என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். ரொக்கம் முன்பே போய்விட்டது, நாளை மறுபடியும் போகும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மடங்குகளைப் பற்றி ஒரு சொல். ‘ஒப்பீட்டுக்குரிய பரிவர்த்தனைகள்’ என்று ஒரு பக்கம் வைத்திருப்பீர்கள். அதில் 2006இல் மிட்டல் ஸ்டீல் ஐரோப்பிய எஃகு நிறுவனமான ஆர்செலரை வாங்கியது கட்டாயம் இருக்கும். அதுவும் நீண்ட இழுபறிக்குப் பிறகு, விலையை ஏற்றி ஏற்றி முடிந்த பேரம். உச்ச காலத்து லாபத்தை, உச்ச காலத்து மடங்கால் பெருக்கினால் ஒரே உற்சாகத்தை இரண்டு முறை எண்ணுகிறீர்கள். வேறு பத்துப் பரிவர்த்தனைகளைச் சேர்த்தாலும் எல்லாம் அதே இரண்டு ஆண்டுகளில் நடந்தவை என்றால் பயனில்லை. மாதிரி பெரிதாகிவிட்டது என்ற எண்ணம் மட்டும் வரும்.

பின்னால் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். கையகப்படுத்தல் 2007 ஏப்ரலில் முடிந்தது. 2008 செப்டம்பரில் அமெரிக்க முதலீட்டு வங்கியான லீமன் பிரதர்ஸ் திவாலாகி, உலக நிதி நெருக்கடி வெடித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் கச்சா எஃகு உற்பத்தி 2007இல் சுமார் 21 கோடி டன். 2009இல் சுமார் 14 கோடி டன். நெருக்கடியை யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது, ஆகவே டாடாவைக் குறை சொல்லக்கூடாது என்ற வாதத்தை அடிக்கடி கேட்கிறேன். பாதிதான் சரி. லீமன் விழும் தேதியைக் கணிக்க வேண்டிய தேவையே இல்லை. எஃகு விலை உச்சத்தில் நிரந்தரமாக நிற்காது என்பதை மட்டும் மாதிரிக்குள் எழுதியிருந்தால் போதும்.

‘லாபம் உச்சத்தில் இருந்தால் குறைத்துப் போடு’ என்ற சூத்திரமாக இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். இயல்புநிலைக் கணக்கு இரண்டு பக்கமும் வெட்டும். அதே 2007இல், மே மாதம், இந்திய அலுமினிய நிறுவனமான ஹிண்டால்கோ, அமெரிக்காவின் அலுமினியத் தகடு நிறுவனமான நோவலிஸை வாங்கியது. பங்குக்கு 44.93 டாலர், கடனையும் சேர்த்தால் சுமார் 600 கோடி டாலர். அப்போது நோவலிஸ் நஷ்டத்தில் இருந்தது. நஷ்டத்தில் ஓடும் நிறுவனத்துக்கு ஆனை விலை குதிரை விலை கொடுத்துவிட்டார்கள் என்று பலரும் எழுதினார்கள். ஆனால் நஷ்டத்துக்கு ஒரு குறிப்பான காரணம் இருந்தது. குளிர்பானக் கேன் வாடிக்கையாளர்கள் சிலரோடு, அலுமினிய விலை எவ்வளவு ஏறினாலும் ஒரு வரம்புக்கு மேல் கேட்கமாட்டோம் என்று நோவலிஸ் ஒப்பந்தம் போட்டிருந்தது. அலுமினியம் ஏறியபோது அந்த ஒப்பந்தங்கள் கழுத்தை நெரித்தன. அவற்றுக்கு முடிவு தேதி இருந்தது. ஒப்பந்தங்கள் போனபின் மிஞ்சுவது, உலோக விலையை வாடிக்கையாளர் தலையில் வைத்துவிட்டு உருட்டித் தகடாக்கும் கூலியை மட்டும் வாங்கும் தொழில். கோரஸின் அன்றைய லாபம் இயல்புக்கு மேலே இருந்தது, நோவலிஸின் லாபம் இயல்புக்குக் கீழே இருந்தது. ஒரே ஆண்டு, இரண்டு இந்தியக் குழுமங்கள், இரண்டும் உலோகம், இரண்டும் பெரும் கடன்.

நோவலிஸும் சும்மா தப்பிக்கவில்லை. 2008 நெருக்கடியில் நூறு கோடி டாலருக்கு மேல் குட்வில்லை, அதாவது வாங்கும்போது சொத்து மதிப்புக்கு மேல் கொடுத்த தொகையை, கணக்கிலிருந்து எழுதித் தள்ள வேண்டியிருந்தது. ஆனால் 2011 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் அதன் எபிட்டா நூறு கோடி டாலரைத் தாண்டியது. 2022 மார்ச்சில் முடிந்த ஆண்டில் இருநூறு கோடியையும் தாண்டியது. இடையில் ஒரு வேடிக்கை: கோரஸ் தன் அலுமினியத் தகடுப் பிரிவை 2006இல் அலெரிஸ் நிறுவனத்துக்கு விற்றிருந்தது, 2020இல் நோவலிஸ் அந்த அலெரிஸையே வாங்கியது. ஜெர்மனியின் கோப்லென்ஸ் ஆலை அப்படித்தான் கோரஸ் கையிலிருந்து சுற்றிவந்து ஹிண்டால்கோ குடும்பத்துக்குள் வந்தது.

அடுத்து இறுதி மதிப்பு. 80 சதவீதம் அதிலிருந்து வருவது உங்கள் தவறல்ல, நீண்டகாலம் ஓடும் எந்த நிறுவனத்துக்கும் அப்படித்தான் வரும். கவலைப்பட வேண்டியது அந்த 80 எதன் மேல் நிற்கிறது என்பதற்கு. இன்றைய ரொக்கம் 100, வளர்ச்சி 3 சதவீதம், தள்ளுபடி வீதம் 10 சதவீதம் என்றால், அடுத்த ஆண்டு ரொக்கமான 103ஐ இரண்டு வீதங்களின் வித்தியாசமான 7 சதவீதத்தால் வகுக்க, இறுதி மதிப்பு 1,471. வளர்ச்சியை 4 ஆக்கி, வீதத்தை 9 ஆக்குங்கள். இரண்டுமே ‘ஒரு புள்ளி’தான். விடை 2,080. 41 சதவீதம் ஏறிவிட்டது. எந்த மேலாளரும் ஒரு புள்ளிக்காக உங்களோடு சண்டை போடமாட்டார், அதனால்தான் விலை பேசுகிறவர்கள் அந்த ஒரு புள்ளிக்குள் ஒளிந்துகொள்கிறார்கள்.

இதில் மாணவர்கள் செய்யும் பெரிய பிழை, வளர்ச்சியை இலவசமாகக் கொடுப்பது. வளர வேண்டுமானால் முதலீடு செய்ய வேண்டும். எவ்வளவு? வளர்ச்சி வீதத்தை, போடும் மூலதனத்தின் மீது கிடைக்கும் வருவாய் வீதத்தால் வகுத்தால் லாபத்தில் எந்தப் பங்கைத் திரும்பப் போட வேண்டும் என்பது வரும். அடுத்த ஆண்டு வரிக்குப் பிந்தைய இயக்க லாபம் 100, தள்ளுபடி வீதம் 10 சதவீதம் என்று வையுங்கள். வளர்ச்சியே இல்லையென்றால் மதிப்பு 1,000. 4 சதவீதம் வளர வேண்டும், மூலதனத்தின் மீது 16 சதவீதம் கிடைக்கிறது என்றால், 25ஐத் திரும்பப் போட்டு 75ஐ எடுத்துக்கொள்ளலாம், மதிப்பு 1,250. அதே 4 சதவீத வளர்ச்சி, ஆனால் கிடைப்பது 8 சதவீதம்தான் என்றால், பாதியைத் திரும்பப் போட வேண்டும், மதிப்பு 833. வளர்ந்ததால் நிறுவனத்தின் மதிப்பு குறைந்துவிட்டது! கிடைக்கும் வருவாய் சரியாக 10 சதவீதமாக இருந்தால், எவ்வளவு வளர்ந்தாலும் மதிப்பு அதே 1,000தான். இந்த நான்கு எண்களையும் ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். மேற்கு ஐரோப்பாவில், இரும்புத் தாதுவை வெளியிலிருந்து வாங்கி எஃகு செய்யும் ஆலைக்கு எந்த வருவாய் வீதம் பொருந்தும் என்று பிறகு யோசியுங்கள்.

‘முடிவின்றித் தொடரும்’ என்ற அனுமானத்தையும் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். வேல்ஸில் உள்ள போர்ட் டால்பட் ஆலையின் கடைசி ஊது உலை 2024 செப்டம்பர் 30 அன்று அணைக்கப்பட்டது. கையகப்படுத்திப் பதினேழரை ஆண்டுகள். அதன் இடத்தில் மின்வில் உலை கட்டும் 125 கோடி பவுண்டு திட்டத்துக்கு பிரிட்டிஷ் அரசு 50 கோடி தருகிறது. 2007இல் போட்ட எந்த மாதிரியிலும் கார்பன் செலவு இந்த அளவுக்கு எழுதப்பட்டிருக்காது. அதை முன்கூட்டி அறியாததைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் பழைய ஆலைக்கு முடிவிலிச் சூத்திரம் போடும்போது, முடிவிலிக்கு நடுவில் ஒரு பெரிய மறுமுதலீடு வரும் என்றாவது எழுதலாம்.

தள்ளுபடி வீதக் கேள்விக்கு ஒரே விடைதான்: கோரஸினுடையது. பணத்தை யார் போடுகிறார் என்பது ஒரு பொருட்டே இல்லை, பணம் எந்த இடரில் போய் நிற்கிறது என்பதே கேள்வி. டாடா ஸ்டீலின் ஜாம்ஷெட்பூர் ஆலைக்குச் சொந்தச் சுரங்கங்கள் இருந்தன. உலகிலேயே மிகக் குறைந்த செலவில் எஃகு செய்யும் நிறுவனங்களில் அது ஒன்று. அந்த நிறுவனத்துக்குச் சந்தை கொடுக்கும் வீதத்தை, தாது வாங்கிப் பிழைக்கும் ஆலைக்குக் கொடுத்தால், நல்ல மாட்டின் பாலை வைத்து மற்றொரு மாட்டுக்கு விலை சொன்ன கதையாகும்.

நாணயத்தையும் கவனியுங்கள். 2007 தொடக்கத்தில் பிரிட்டனின் பத்தாண்டு அரசுப் பத்திரம் ஏறக்குறைய 5 சதவீதம் தந்தது. இந்தியாவினுடையது 8 சதவீதத்தை ஒட்டி. பவுண்டில் முன்கணித்த ரொக்கத்தை ரூபாய் வீதத்தால் தள்ளுபடி செய்யக்கூடாது. மாற்ற வேண்டியிருந்தால் பணவீக்க வித்தியாசத்தைக் கொண்டு மாற்றுங்கள். பவுண்டில் 9 சதவீதம், பிரிட்டனில் பணவீக்கம் 2, இந்தியாவில் 6 என்றால், 1.09ஐ 1.06ஆல் பெருக்கி 1.02ஆல் வகுக்க ரூபாயில் சுமார் 13.3 சதவீதம் வரும். இரண்டு வழியிலும் ஒரே மதிப்பு வரவேண்டும். வரவில்லையென்றால் மாற்று விகித முன்கணிப்பில் எங்கோ ஆசை கலந்திருக்கிறது.

இதைவிட ஆபத்தான வழுக்கல் ஒன்று உண்டு. ‘பெரும்பகுதி கடன், கடன் மலிவு, ஆகவே சராசரி மூலதனச் செலவு குறைவு’ என்ற வாதம். சராசரி மூலதனச் செலவு என்பது கடன்காரரும் பங்குதாரரும் கேட்கும் வீதங்களை அவரவர் பணத்தின் எடைப்படி சேர்த்த சராசரி; தள்ளுபடி வீதமாகப் பயன்படுவது அதுதான். இந்தக் கையகப்படுத்தலில் கணிசமான பகுதி கடன்தான்; அதையும் கோரஸின் ரொக்க வரத்தை நம்பியே பிரிட்டனில் திரட்டினார்கள். கணக்கைப் பாருங்கள். கடனற்ற நிலையில் பீட்டா, அதாவது சந்தையோடு ஒப்பிட்ட இடரின் அளவு, 1; இடரற்ற வீதம் 5, சந்தை இடருக்கான கூடுதல் 5, வரி 30 சதவீதம். கடனுக்கும் பங்கு மூலதனத்துக்கும் விகிதம் கால் என்றால் பங்கின் பீட்டா 1.175, பங்குதாரர் எதிர்பார்ப்பது 10.9 சதவீதம், 6 சதவீதக் கடனோடு சேர்த்தால் சராசரி 9.5. இப்போது விகிதத்தை இரண்டாக ஏற்றுங்கள். பீட்டா 2.4 ஆகிறது; பங்குதாரர் 17 சதவீதம் கேட்பார்; கடன்காரரும் 8 சதவீதம் கேட்பார். சராசரி 9.4. அசையவே இல்லை. 1958இல் பொருளியலாளர்கள் மொடிக்லியானியும் மில்லரும் சொன்னதன் சாரம் இதுதான். மிஞ்சும் சிறு குறைவு வரிச் சலுகையால் வருவது. ஆனால் பீட்டாவை மாற்ற மறந்து, 10.9ஐயே வைத்துக்கொண்டு எடைகளை மட்டும் மாற்றினால் 7.4 வரும். 2 சதவீத வளர்ச்சியோடு இறுதி மதிப்பைப் போட்டால், இந்த மறதி மட்டும் விலையைச் சுமார் 38 சதவீதம் ஊதிக் காட்டும். நேர்காணலில் யாரையாவது ஒரே கேள்வியில் எடைபோட வேண்டுமென்றால் நான் கேட்பது இதைத்தான்.

இனி ஏலம். 455இலிருந்து 608 வரை 153 பென்ஸ் ஏறியது. சுமார் 102 கோடி பங்குகள் என்றால், ஏற்றம் மட்டும் 156 கோடி பவுண்டு. அந்த மூன்றரை மாதத்தில் கோரஸின் ஆலைகளில் எதுவும் மாறவில்லை. ஆகவே அந்த 156 கோடிக்கும் இணைப்பு ஆதாயத்திலிருந்துதான், அதாவது இரண்டு நிறுவனங்களும் சேர்வதால் கூடுதலாகக் கிடைக்கும் லாபத்திலிருந்துதான், நியாயம் தேட வேண்டும். 9 சதவீதத்தில், முதல் ஆண்டிலிருந்தே, என்றென்றைக்கும் வரும் ஆதாயம் என்றாலும் வரிக்குப் பின் ஆண்டுக்கு 14 கோடி பவுண்டு வேண்டும். 30 சதவீத வரிக்கு முன்னால் 20 கோடி. ஆதாயம் மூன்றாம் ஆண்டில்தான் தொடங்கும் என்றால் வரிக்கு முன் ஏறக்குறைய 24 கோடி. கவனியுங்கள், இது 455க்கு மேல் கொடுத்த பகுதிக்கு மட்டும். 455இலேயே சந்தை விலைக்கு மேல் ஒரு கூடுதல் தொகை இருந்தது.

1971இல் அட்லாண்டிக் ரிச்ஃபீல்ட் என்ற அமெரிக்க எண்ணெய் நிறுவனத்தின் பொறியாளர்கள் மூவர் ஒரு விசித்திரத்தைக் கவனித்து எழுதினார்கள். மெக்ஸிகோ வளைகுடாவில் எண்ணெய் வயல்களை ஏலத்தில் வென்றவர்கள் எதிர்பார்த்த லாபத்தைப் பெறவில்லை. காரணம் எளிது. பலர் ஒரே பொருளை மதிப்பிடும்போது சராசரி விடை சரியாக இருக்கலாம். ஆனால் ஏலத்தை வெல்பவர் சராசரி ஆள் இல்லை, எல்லாரையும்விட அதிகமாகத் தப்பாக நம்பியவர். இதற்கு ‘வென்றவரின் சாபம்’ என்று பெயர். சி.எஸ்.என். 603இல் நின்றது டாடாவுக்கு ஒரு தகவல்: இதே ஆவணங்களைப் படித்த, சொந்தமாக இரும்புத் தாது வைத்திருக்கும், நம்மைப் போலவே ஆதாயம் எதிர்பார்க்கும் ஒருவர், இதற்கு மேல் வேண்டாம் என்கிறார்.

டாடா தரப்பையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் மலிவாக எஃகுப் பாளம் செய்து, ஐரோப்பாவில் உருட்டி உயர்தரத் தகடாக விற்கலாம் என்பது நல்ல யோசனைதான். அதற்கு இந்தியாவில் மிகை உற்பத்தி வேண்டும். ஒடிசாவின் கலிங்கா நகர் ஆலையில் 2006 ஜனவரியில் நிலத்துக்காகப் போராடிய பழங்குடியினர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள், திட்டம் நின்றது, ஆலை திறக்க 2015 இறுதி ஆகிவிட்டது. அதற்குள் இந்தியாவின் உள்நாட்டுத் தேவையே வளர்ந்துவிட்டது. இங்கே நல்ல விலை கிடைக்கும்போது பாளத்தைக் கப்பலில் ஏற்றி நஷ்டத்தில் ஓடும் ஆலைக்கு அனுப்புவானேன்? இணைப்பு ஆதாயத்தை மதிப்பிடும்போது, அது நிகழ்வதற்கு எத்தனை காரியங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரியாக நடக்க வேண்டும் என்று எண்ணுங்கள். ஒவ்வொன்றுக்கும் 70 சதவீத வாய்ப்பு என்றால்கூட, மூன்று சேர்ந்தால் 34 சதவீதம்தான்.

நிறுவன மதிப்பிலிருந்து பங்கு மதிப்புக்கு இறங்கும் படியில் மாணவர்கள் வங்கிக் கடனைக் கழித்துவிட்டு நின்றுவிடுகிறார்கள். கோரஸில் அது போதாது. பிரிட்டிஷ் ஸ்டீல் ஓய்வூதியத் திட்டம், அதைத் தாங்கிய தொழிலோடு ஒப்பிட்டால் மலை. இன்று உபரியாகத் தெரிந்தாலும், வட்டி வீதம் விழுந்தால் அதே திட்டம் பற்றாக்குறையாக மாறும். கிழவர்கள் நீண்டகாலம் வாழ்ந்தாலும் மாறும், அவர்கள் வாழத்தான் வேண்டும். 2017இல் அந்தத் திட்டத்தைத் தன்னிடமிருந்து பிரித்துவைக்க டாடா ஸ்டீல் 55 கோடி பவுண்டும், பிரிட்டன் தொழிலில் 33 சதவீதப் பங்கும் கொடுத்தது. 2007 மாதிரியில் இதற்கு ஒரு வரி இருந்ததா என்று பாருங்கள்.

வெளியேறும் செலவும் அப்படித்தான். நஷ்டம் என்றால் மூடிவிடலாம் என்று தாளில் எழுதுவது சுலபம். ஐரோப்பாவில் ஆலையை மூட இழப்பீடு, சுற்றுச்சூழல் சீரமைப்பு, அரசியல் எல்லாம் உண்டு. 2016இல், இங்கிலாந்தின் ஸ்கந்தார்ப் ஆலையை உள்ளடக்கிய, தண்டவாளம், கம்பி போன்ற நீள்வகைத் தயாரிப்புப் பிரிவை ஒரு பவுண்டு என்ற பெயரளவு விலைக்குக் கைமாற்றினார்கள். யானையைக் கட்டித் தீனி போட முடியாதவர் அதை விற்கும்போது கிடைக்கும் விலை அது. கடன் சட்டப்படி தாய் நிறுவனத்தைத் தொடாதபடி கட்டப்பட்டிருந்தது. ஆனால் டாடா என்ற பெயரை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்க முடியாததால் இந்தியாவிலிருந்து பணம் போய்க்கொண்டே இருந்தது. 2013 மே மாதம், பெரும்பாலும் ஐரோப்பியப் பிரிவுக்காக, சுமார் 160 கோடி டாலர் மதிப்பிழப்பைக் கணக்கில் ஏற்றினார்கள். அதைக் கண்டு சிலர் ‘இது ரொக்கம் இல்லாத நஷ்டம்தானே’ என்றார்கள். ரொக்கம் 2007லேயே போய்விட்டது.

ஒரு திருத்தம் மட்டும் உங்கள் மாதிரிக்கு அவசியம் என்று நினைக்கிறேன். கோரஸை ஒரே நிறுவனமாக எடுக்காதீர்கள். நெதர்லாந்தின் ஐமாய்டன் கடலோரத்தில் அமைந்த, செலவு குறைந்த, நன்றாக நடத்தப்பட்ட ஆலை. பிரிட்டன் ஆலைகள் வேறு சாதி. இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் சுமாரான ஒரு நிறுவனம் கண்ணுக்குத் தெரியும், அப்படி ஒன்று உண்மையில் இருக்கவில்லை. தனித்தனியே மதிப்பிட்டுக் கூட்டுங்கள். ஒரு பகுதிக்குச் சுழியத்துக்குக் கீழே மதிப்பு வந்தால் பயந்து சுழியமாக்கிவிடாதீர்கள். ஓய்வூதியமும் மூடும் செலவும் இருக்கும் இடத்தில் கழித்தல் குறி இயல்பானது.

எந்த விலையை எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். ஒற்றை எண் எழுதாதீர்கள், 450 முதல் 700 வரை என்றும் எழுதாதீர்கள். முன்னது பொய்யான துல்லியம், பின்னது நழுவல். மூன்று வரி எழுதுங்கள். முதலாவது, 2002 முதல் 2006 வரையிலான சராசரி லாபத்தில், தனி நிறுவனமாக, ஓய்வூதியத்தைக் கழித்தபின் பங்குக்கு எவ்வளவு. இரண்டாவது, டாடாவால் மட்டும் உண்டாக்க முடியும் என்று நீங்கள் நம்பும் ஆதாயம், வாய்ப்பு வீதத்தால் பெருக்கியது, எவ்வளவு. மூன்றாவது, அந்த ஆதாயத்தில் விற்பவருக்கு அதிகபட்சம் எத்தனை சதவீதம் விட்டுக்கொடுப்பீர்கள். மூன்றும் சேர்ந்தால் நீங்கள் ஏலத்தில் எழுந்து வெளியேற வேண்டிய விலை வரும். அது 608க்கு மேலே வந்தாலும் தேர்வாளர் ஏற்பார், சராசரி ஆண்டு எது என்பதற்குக் காரணம் சொல்லியிருந்தால். பிறகு அதே மூன்று வரியை நோவலிஸுக்கும் போட்டு எதிர்ப்பக்கத்தில் வையுங்கள். அங்கே கேன் ஒப்பந்தங்கள் முடியும் ஆண்டைத் தாண்டி முன்கணிப்பை நீட்ட மறக்க வேண்டாம்; ஐந்தாண்டோடு நிறுத்திவிட்டால் கடைசி இரண்டு ஆண்டுகள் மட்டுமே சாதாரணமாக இருக்கும்.